4.20 பேருந்தும் ஒரு பொறியியல் கல்லூரியும்

குடியாத்தத்து மாமா சென்ற வாரம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நீ படிச்ச காலேஜைப் பாப்பாவுக்குச் சாய்ஸ்ல போடலாமா, வேணாமா?” பாப்பா அவருடைய மகள்; அவளுடைய பொறியியல் கலந்தாய்வுச் சுற்று இன்னும் சில நாட்களில் தொடங்குகிறது. கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 150ஐ ஒட்டி நிற்கிறது. அவள் விரும்புவதும் நான் 2021 முதல் 2025 வரை படித்த அதே ட்ரிபிள் இ, அதாவது மின், மின்னணுப் பொறியியல் துறைதான். தொலைபேசியில் நான் சொன்ன பதில் “நல்ல காலேஜ்தான் மாமா” என்று தொடங்கி “ஆனா வேணாம்” என்று முடிந்ததால், அவர் என்னைவிடக் குழம்பிப் போனார். அவருக்கும், இதே பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு பெற்றோருக்குமாக விரிவாக எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. வேலூரைச் சுற்றிய வடாற்காட்டில் இதே வார்ப்பில் பல தனியார் கல்லூரிகள் இருப்பதால், பெயர் இல்லாமலேயே இது பலருக்கும் பயன்படும்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்பு, அங்கீகாரம், ஒற்றைச் சாளர ஒதுக்கீட்டில் அரசு வரையறுத்த கல்விக் கட்டணம் ஆகியவையெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். அங்கே கிடைக்காத ஒன்று, இந்தக் கல்லூரியை உண்மையில் நடத்துவது முதல்வரோ தாளாளரோ அல்ல, மாலை 4.20க்குப் புறப்படும் கல்லூரிப் பேருந்து என்பதுதான்.

எங்கள் வீடு கே.வி.குப்பத்தில். குடியாத்தத்திலிருந்து வரும் பேருந்து காலை ஏழு மணிக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வந்துவிடும். லத்தேரி, காட்பாடி, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் எனச் சுற்றி, கல்லூரி வாயிலை அடைய எட்டரை ஆகும். 2022இல் காட்பாடி இரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடியிருந்த வாரங்களில் அதுவும் இல்லை. முதல் பாடவேளை முடிந்த பிறகே நாங்கள் வகுப்பில் நுழைந்தோம். விடுதியில் தங்காதவர்கள் கல்லூரிப் பேருந்தில்தான் வர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கட்டணச் சீட்டில் மட்டும் அது எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குச் சென்ற முதல் ஆள் நான் என்பதால் அரசு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. அந்தத் தொகையையும் அதற்கு மேல் சற்றும் சேர்த்துப் பேருந்துக் கட்டணமாகக் கல்லூரி வாங்கிக்கொண்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்னும்போது, அந்தச் சீட்டைப் பார்த்து அப்பா ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை பெருமூச்சு விடுவார். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய வகுப்புத் தோழி ஒருத்தியை வாயிலிலேயே நிறுத்தி, பெற்றோரை அழைத்து வரச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது அந்த 4.20தான். அதன் முழுப் பொருள் புரிய வேண்டுமானால், எங்கள் துறையின் மிகச் சிறந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது மின்பொறிகள் ஆய்வகம்.

கற்பித்தல் எப்படி என்று மாமா கேட்டார். பொதுவாகச் சொன்னால், சராசரிக்கு மேல். 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீட்டுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்பதால், அந்த நாற்பதைக் காட்டிப் பயமுறுத்தும் ஆசிரியர்களும் உண்டு. முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுத்துப் பருவத்தைக் கடத்துபவர்களும் உண்டு. வேறு வேலை கிடைத்துப் பாதிப் பருவத்தில் போய்விடும் இளம் விரிவுரையாளர்களும் உண்டு. ஆனால் நாங்கள் பெருந்தொற்றால் பிளஸ் டூ பொதுத்தேர்வே எழுதாமல், பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேறிய அணி. வகையீடும் தொகையீடும் பாதி பேருக்குக் கைப்பேசித் திரையில் பார்த்த படங்களாகவே இருந்தன. முதல் பருவத்தில் கணிதப் பேராசிரியை பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு, பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அதற்காக அவர் எந்தப் பாடவேளையையும் கூடுதலாகக் கேட்கவில்லை; உணவு இடைவேளையில் பாதியை எடுத்துக்கொண்டார். எங்கள் வகுப்பில் பலர் அரியர் இல்லாமல் வெளியேறியதற்கு அந்த அம்மையார்தான் காரணம் என்பேன்.

மின்பொறிகள் ஆய்வகத்தில் இருந்தவர் பேராசிரியர் அல்லர். ஆய்வகப் பயிற்றுநர், டிப்ளமோ படித்தவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். டி.சி. ஷன்ட் மோட்டாரை இயக்கும் முன் ஒவ்வொரு குழுவையும் நிறுத்தி, ஆர்மச்சூர் (சுழலும் சுற்று) ரியோஸ்டாட் எங்கே இருக்கிறது, ஃபீல்டு (காந்தப்புலம் தரும் சுற்று) ரியோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று கேட்பார்; ரியோஸ்டாட் என்பது நகர்த்தி மாற்றக்கூடிய மின்தடை. முன்னது முழுத் தடையில், பின்னது குறைந்த தடையில் என்று வாயால் சொன்னால் போதாது. கையால் நகர்த்திக் காட்ட வேண்டும். “ஃபீல்டு அறுந்தா மோட்டார் நிக்காதும்மா, கட்டுக்கடங்காம ஓடும்” என்பார். காந்தப்புலம் குறையக் குறைய வேகம் ஏறும் என்ற சமன்பாட்டை நான் புத்தகத்தில் பலமுறை எழுதியிருந்தேன். அது ஏன் ஆளைக் கொல்லக்கூடிய சமன்பாடு என்பது அந்த மேசையருகே நின்றபோதுதான் புரிந்தது. பளுச் சோதனையின்போது மோட்டார் தண்டில் மாட்டிய பிரேக் டிரம்மைச் சுற்றிய பெல்ட் சூடேறி ரப்பர் வாசம் எழும். ஒருவர் ஸ்பிரிங் தராசைப் படிக்க, ஒருவர் அம்மீட்டரைப் படிக்க, இன்னொருவர் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வேலையைத்தான் அவர் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களுக்குக் கொடுப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “ரீடிங் எடுக்கறது எல்லாருக்கும் வரும்” என்றார்.

இந்த ஆய்வகம் பிற்பகல் 1.30 முதல் நான்கு மணி வரை என்று கால அட்டவணையில் இருக்கும். மூன்றே முக்காலுக்கு உதவியாளர் மெயின் சுவிட்சருகே வந்து நிற்பார். மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, கருவிகளை ஒப்படைத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி, பேருந்து நிற்கும் திடலுக்கு ஓட அத்தனை நேரம் வேண்டுமே! அரைப்பளு வரை எடுத்த அளவீடுகளோடு சோதனை நின்றுவிடும். முழுப்பளுவுக்கான எண்களை முந்தைய அணியின் ரெக்கார்டிலிருந்து நிரப்பிக்கொள்வது துறையறிந்த இரகசியம். சற்று இருந்து முடிக்கலாமா என்று கேட்டால் பயிற்றுநர் சிரிப்பார். அவரும் அதே பேருந்தில்தான் காட்பாடிக்குப் போக வேண்டும்.

நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மைதான், விடுதி மாணவர்களுக்கு. எங்களுக்கு நூலகம் என்பது உணவு இடைவேளையில் மிஞ்சும் பத்து நிமிடம். கருத்தரங்கு, ரோபோட்டிக்ஸ் மன்றம், கைப்பந்துப் பயிற்சி என்று நான்கு மணிக்கு மேல் நடப்பது எதுவாயினும் அதில் எங்களுக்குப் பங்கில்லை. ஒரே வகுப்பில், ஒரே கல்விக் கட்டணத்தில் இரண்டு கல்லூரிகள் நடந்துகொண்டிருந்தன.

நியாயமாகப் பேசினால், போக்குவரத்துப் பொறுப்பாளர் சொன்ன காரணங்களையும் இங்கே எழுத வேண்டும். ஆற்காடு, ஆரணி, போளூர், ஆம்பூர், குடியாத்தம் என்று எல்லாத் திசையிலும் பேருந்து ஓடுகிறது. இரண்டாவது நடைக்கு ஓட்டுநர் வேண்டும், டீசல் வேண்டும். பெரும்பாலான பெற்றோர், முக்கியமாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர், இருட்டுமுன் பிள்ளை வீடு சேர வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். என் அப்பாவும் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஆறு மணிக்கு, நான்கு முக்கிய வழித்தடங்களில் பேருந்து விடுங்கள் என்று நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவுக்கு, மூன்றாம் ஆண்டில் கொடுத்ததற்கு, நான் பட்டம் வாங்கும் வரை பதில் வரவில்லை. கட்டணத்தை உயர்த்திய சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வந்தது.

பிளேஸ்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாமா கேட்டதன் பாதி அதுதானே. வாயிலில் தொங்கும் பதாகையில் இருக்கும் எண்ணைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் வேலை பெற்ற மாணவர்களின் எண்ணிக்கை அன்று, வந்த ஆஃபர்களின் எண்ணிக்கை; ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் கடிதம் கொடுத்தால் அது மூன்றாகக் கூட்டப்படும். சதவீதத்தைக் கணக்கிடும்போது நிலுவை அரியர் உள்ளவர்களையும், மேற்படிப்புக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களையும் முதலிலேயே கழித்துவிடுவார்கள். அப்படி எழுதித் தரச் சொல்லி அறைக்கு அழைத்துப் பேசியதும் எங்கள் அணியில் நடந்தது. கேட்க வேண்டிய கேள்வி இது: துறையில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள்? ஆஃபர் கடிதம் ஒன்று, சேரும் தேதி இன்னொன்று. எனக்கு ஏழாம் பருவத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கடிதம் வந்தது, ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் அளவில். எங்கள் வகுப்பில் கிடைத்தவை பெரும்பாலும் அந்த அளவுதான். பட்டம் பெற்று மாதங்கள் கடந்தும் சேரும் தேதி வரவே இல்லை. கல்லூரியின் கணக்கில் நான் இன்றும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறேன்.

இங்கேயும் 4.20 வந்து நிற்கும். நேர்முகத் தேர்வுகள் மாலைக்கு மேலும் இழுக்கும் நாட்களில், விடுதி மாணவர்கள் நிதானமாக உட்கார்ந்திருக்க, நாங்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்து கொண்டிருப்போம். பேருந்தை விட்டால் அப்பா நெடுஞ்சாலை வரை வண்டியில் வந்து நிற்க வேண்டும். அந்தக் கவலையோடு மூன்றாம் சுற்றுக்குள் போய் உட்காருபவளின் முகத்தில் நிறுவனத்தார் எதிர்பார்க்கும் தன்னம்பிக்கையை எங்கே தேடுவது?

இதே பேருந்துதான் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது என்பதை, விருப்பமில்லாமல்தான் எழுதுகிறேன். எங்கள் தடத்தில் முன்வரிசையில் எங்கள் துறையின் அக்காக்கள் உட்காருவார்கள். லத்தேரி தாண்டியதும் ஒருத்தர் பழைய வினாத்தாளை எடுப்பார். கிரீன் சர்க்கிள் வருவதற்குள் ஒரு பதின்மூன்று மதிப்பெண் வினா முடிந்திருக்கும். மின்சுற்றுகளுக்கான நெட்வொர்க் தேற்றங்களை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வகுப்பறை அன்று, அந்த இருக்கைதான். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் இணையவழிப் பாடங்களையும் பெரும்பாலும் அங்கேயே முடித்தேன். அந்த அக்காக்களில் ஒருவர் ஓரகடம் பக்கம் மின் பேனல் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறார்; இடம் காலியானபோது என்னை அழைத்தவர் அவர்தான். நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி, மோட்டாரை இயக்கும்போது ஃபீல்டு சுற்று அறுந்தால் என்னாகும் என்பது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடுதி உணவு பரவாயில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்ற பெயரில் வருவதை ஆம்பூர்க்காரர்கள் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்வதைக் கண்காணிப்பதற்கென்றே வராந்தாவில் ஆள் நடமாடுவதும், துப்பட்டா பின் குத்தியிருக்கிறதா என்று வாயிலில் பார்ப்பதும் உண்டு. மின்னணுக் கருவிகளைக் கையாளப் பயிற்றுவிக்கும் இடத்தில் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதும் உண்டு. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு எழுதுவதற்குத் தனியாக மதிப்பெண் தர வேண்டும். கலைவிழா ஆண்டுக்கொரு முறை நடக்கும், நான்கு மணிக்கு முடிந்துவிடும்.

கற்பித்தலுக்கு நல்ல மதிப்பெண், ஆய்வகத்துக்கு அதைவிட நல்லது, பிளேஸ்மென்ட் சுமார் என்று நானே எழுதிவிட்டு, பாப்பாவை அங்கே சேர்க்க வேண்டாம் என்று சொல்வது மாமாவுக்கு முரணாகத்தான் தெரியும். விடுதியில் விடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள் என்பேன். ஆனால் அவளை விடுதியில் விட அத்தை சம்மதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். குடியாத்தத்திலிருந்து பேருந்து ஆறேகால் வாக்கில் புறப்படும். நான் அலைந்ததைவிட அவள் அதிகம் அலைய வேண்டும். ஆசிரியர்கள் நல்லவர்களாக இருந்து என்ன பயன், அவர்களிடம் உட்காரப் பிள்ளைக்கு நேரம் இல்லையென்றால்?

பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியைப் பட்டியலில் முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். 150க்குக் கிடைப்பது கடினம் என்றாலும், விருப்பத்தைப் பதிவு செய்யக் காசு கட்ட வேண்டியதில்லை. கிடைத்துவிட்டால் காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. அதற்குக் கீழே, வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் கல்லூரிகளைப் போட வேண்டும். போடுமுன் ஒரு வேலைநாளில் மாலை நான்கு மணிக்குப் போய், வாயிலருகே நின்று, எத்தனை ஆய்வகங்களில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவர வேண்டும். என் கல்லூரி ஐந்தாவதோ ஆறாவதோ இருக்கட்டும். முதல் ஒதுக்கீட்டில் அதுவே வந்தாலும், ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்ற தெரிவை அழுத்துமாறு பாப்பாவிடமே சொல்லிவிட்டேன்.