தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு: ஒன்பது நாள் அனுபவம்

பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து, ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தஞ்சாவூரிலுள்ள இந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு 11 மணி ஆகியிருந்தது. காலையில் கண்ட காய்ச்சலுக்கு உள்ளூர் கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்; பொழுது சாய்வதற்குள் கைகால் சில்லிட்டு, தொடையில் ஊதாப் புள்ளிகள் கிளம்பிவிட்டன.

இங்கே யாரும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையே முதலில் சொல்ல வேண்டும். செவிலியர் ஒரு கண்ணாடித் தம்ளரைப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்தினார். பெரும்பாலான தடிப்புகள் அழுத்தினால் வெளிறிவிடும், இவளுடையவையோ நாவற்பழக் கறைபோல் அப்படியே நின்றன. உடனே இரத்தம் எடுத்துக்கொண்டு, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் சலைனும் போட்டார்கள். சலைன் ஏறியும் இரத்த அழுத்தம் ஏறாமல், சர்க்கரையும் இறங்கிக்கொண்டே போனதைக் கண்ட மருத்துவர், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் தாமதிக்காமல் சேர்த்தார். என் மகள் இன்று நடமாடுவதற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுநாள் ஸ்கேனில் இரு அட்ரினல் சுரப்பிகளிலும் இரத்தக்கசிவு தெரிந்தது. இரத்தத்தில் மெனிங்கோகாக்கஸ் கிருமி வளர்ந்திருந்தது. மருந்துச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, அவற்றின்மேல் தொப்பிபோல் இரண்டு சுரப்பிகளையும் வரைந்த மருத்துவர், “அம்மா, உடம்பு ஆபத்தில் இருக்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசால் இங்கேதான் சுரக்கிறது, அது நின்றுபோனதால்தான் மருந்தாகக் கொடுக்கிறோம்” என்று விளக்கினார். 1911-இல் வாட்டர்ஹவுஸ், 1918-இல் ஃபிரிடெரிக்சன் என்ற இரு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியதால் அவ்விருவர் பெயராலேயே அழைக்கப்படும் இந்நோய் அரிதானது. ஆனால் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டிலிருந்த எங்கள் அனைவருக்கும், மாமியார் உட்பட, கிருமி பரவாதிருக்கத் தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பு இல்லை. இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினோம். ஒருவேளைகூட நிறுத்தக் கூடாத மருந்தை அவர்களே வைத்திருக்க வேண்டாமா? காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும் என்பதை வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர, டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. நான் வற்புறுத்திக் கேட்டபிறகு, தலைமைச் செவிலியர் மருந்தின் பெயரையும் அளவையும் ஓர் அட்டையில் தமிழில் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். இப்படிப்பட்ட அட்டையைக் கேட்காமலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும்.

சுரப்பிகள் மீண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, வரும் மாதம் காலை 8 மணி இரத்தப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கேயேதான் போகிறோம். அந்த அட்டையின் நகல் ஒன்று மகளின் பள்ளிப்பையிலும், இன்னொன்று வகுப்பு ஆசிரியையிடமும் இருக்கிறது.