யூடியூப்பில் பாட்டுத் தேடிய கம்பஸ் வருடங்கள்: என் பாவனை அனுபவம்

கம்பஸுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து யூடியூப்பை நான் பாட்டுக்காகத்தான் பாவிக்கிறேன். இப்போது இறுதி வருடம். செய்தி, சமையல், கிரிக்கெட் எல்லாம் வீட்டில் மற்றவர்கள் பார்ப்பார்கள். என் கணக்கில் பாட்டைத் தவிர வேறெதையும் தேடுவதில்லை. இத்தனை காலம் பாவித்த பிறகு ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன். முகப்பில் தானாக வந்து விழும் பாட்டுகளை மட்டும் நம்பியிருந்தால் எனக்குக் கிடைத்ததில் பாதிகூடக் கிடைத்திருக்காது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாமே தேடிப் போக வேண்டும். அப்படிப் போனால் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டே எங்கெங்கோ போய் வரலாம்.

உதாரணத்துக்கு அம்சத்வனி ராகத்தைச் சொல்கிறேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு இந்த ராகம் பழக்கமானது. ஏழு சுரங்களில் மத்திமமும் (ம) தைவதமும் (த) இல்லை, ஐந்தே சுரம். இராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியது என்பார்கள், அவர் மகன் முத்துசுவாமி தீட்சிதரின் ‘வாதாபி கணபதிம்’ கேட்காத கச்சேரிப் பழக்கக்காரர் இருக்கமாட்டார். வயலின் வகுப்பில் எனக்கு அதுவரைதான் தெரியும். ஒருநாள் ராகத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடினேன். இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கான் பாடிய அம்சத்வனி வந்தது. அதே ஐந்து சுரம்தான், ஆனால் அவசரமே இல்லை. ஒரு காந்தாரத்தில் (க) போய் நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். நாங்கள் துள்ளலாகப் படித்த ராகத்துக்குள் இவ்வளவு நிதானம் இருக்கிறதென்று அன்றுதான் விளங்கியது. அந்த வாரம் முழுக்க வேறெதையும் கேட்கவில்லை.

கம்பஸில் எனக்கு ஒரு சிங்கள நண்பன், பாடசாலையில் எஸ்ராஜ் என்ற வில் வாத்தியம் படித்தவன். சிங்களப் பாடசாலைகளில் சங்கீதம் என்றால் பெரும்பாலும் வட இந்திய முறை. அமீர் கானை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பதிலுக்கு அவன் சிங்களப் பாடகர் அமரதேவவின் பாட்டுகளை எனக்கு அனுப்பத் தொடங்கினான். அமரதேவ (1927–2016) லக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் படித்தவர், வயலின் வாசித்தவர். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அவருடைய மெட்டுகளின் வேர் எங்கே இருக்கிறதென்று காது பிடித்துவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு சிங்களப் பாடகரான விக்டர் ரத்நாயக்கவிடம் போனேன். தனியொருவராக அவர் நடத்திய ‘ச’ நிகழ்ச்சி 1973இல் லும்பினி அரங்கில் தொடங்கியது. அந்த அரங்கு இருக்கும் ஹவ்லொக் டவுனுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் நடந்ததை யூடியூப் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் பாட்டை மற்றவர் கேட்காமல் வளர்கிறோம். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். அதனால்தான் இந்த நண்பனோடு சேர்ந்து ஒரு பிளேலிஸ்ட் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் மாறி மாறிச் சேர்க்கிறோம்.

எனக்கு அதிகம் பயன்பட்ட வசதி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. 0.75இல் வைத்தால் காலப்பிரமாணம் மட்டும் இறங்கும், சுருதி அப்படியே இருக்கும். அதனால் வயலினைச் சேர்த்து வாசித்துப் பழகலாம். 0.5க்குப் போனால் ஒலி கொஞ்சம் உடைகிறது, ஆனால் ஒரு கமகம், அதாவது சுர அசைவு, எந்தச் சுரத்தில் தொடங்கி எதைத் தொட்டுத் திரும்புகிறது என்று பிரித்துப் பார்க்க அதுதான் சரி.

தவிலுக்கும் இது அருமை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் மேளச்சமாவை இப்போது யாராவது ஒருவர் முன்வரிசையில் நின்று போனில் பிடித்துப் போட்டுவிடுகிறார். வலது கையில் விரல்களுக்குக் கூடு, இடது கையில் கழி. சாதாரண வேகத்தில் பார்த்தால் கை போவதே தெரியாது. வேகத்தைக் குறைத்து, வாசிப்பை முடிக்கும் தாளக் கோர்வையான ஒரு தீர்மானத்தைப் பாருங்கள்: கூடு போட்ட விரல்கள் ஒவ்வொன்றாக இறங்குவதும், அதற்குள் கழி தன் கணக்கைத் தவறவிடாமல் போவதும் தெரியும். பக்கத்துத் தவில்காரர் தலையை ஆட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பது இன்னும் அழகு.

அந்த வீடியோக்களின் கீழே பெரியவர்கள் எழுதும் பின்னூட்டங்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: தெட்சணாமூர்த்தி. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை, 1933இல் பிறந்து 1975இல் காலமானவர். அவர் வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் சில ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு கிடைக்கின்றன. தேடும்போது ஒரு விஷயம்: ஆங்கில எழுத்தில் அவர் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக என்று தேடினால்தான் எல்லாம் அகப்படும். கசற்றிலிருந்து ஏற்றிய பதிவுகளில் நாடாவின் வேகம் சரியில்லாவிட்டால் சுருதி கூடியோ குறைந்தோ கேட்கும். வயலினை வைத்து ஒத்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையையும் விட்டுவிட முடியாது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாட்டுகளைப் போட்டால் அம்மம்மா சமையலறையிலிருந்து வந்துவிடுவார். இலங்கை வானொலியில் கேட்ட காலத்து வரிகள் எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். நான் திரையில் தேடிக்கொண்டிருக்க, அவர் அடுத்த சரணத்தைப் பாடி முடித்துவிடுவார். இந்த வீடியோக்களின் கீழே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், எந்த மேடையில் கேட்டோம், யார் கிற்றார் வாசித்தார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பாட்டைக் கேட்டு முடித்ததும் நான் நேராகப் பின்னூட்டத்துக்குத்தான் போவேன். ராகத்தின் பெயர், பக்கவாத்தியக்காரர்களின் பெயர், தாள வாத்தியம் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனம் எத்தனையாவது நிமிடத்தில் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

வெளிநாட்டு இசையில் எனக்குப் பிடித்தது வாஷிங்டனில் என்பிஆர் வானொலிக்காரர்கள் 2008இலிருந்து நடத்தும் டைனி டெஸ்க் கச்சேரி. ஒரு அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாடுகிறார்கள். மேடை அலங்காரம் இல்லாததால் குரல் அப்படியே கேட்கிறது. கச்சேரிக்குப் பழகிய காதுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இலவசப் பாவனையில் போன் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும். நீண்ட வீடியோக்களில் நடுவிலும் விளம்பரம் வரும். ஆலாபனை கேட்பவருக்கு அது சங்கடம்தான். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது யூடியூப் தோதுப்படாது. ஆகவே பஸ்ஸுக்கு ஸ்பொட்டிஃபை வைத்திருக்கிறேன். 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. ஸ்டூடியோவில் பதிவான பாட்டுகளுக்கு நன்றாக இருக்கிறது. மேளச்சமாவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

டேட்டா குறைவென்றால் படத்தின் தரத்தை 144பிக்கு இறக்கிவிடுங்கள். படம் மங்கலாகும், பாட்டு கேட்கிற நிலையில்தான் இருக்கும். வீட்டில் யாராவது உங்கள் கணக்கில் நாடகம் பார்க்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பார்வை வரலாற்றை நிறுத்தி வைக்கலாம். வேண்டாத சனல்களை ‘இனிப் பரிந்துரைக்காதே’ என்று சொல்லிவிட்டால் கொஞ்ச நாளில் முகப்பு உங்கள் வழிக்கு வரும். பிளேலிஸ்டில் போட்டு வைத்த பழைய பதிவு ஒருநாள் காணாமல் போகவும் கூடும். அப்புறம் தேடுவதற்கு வசதியாகப் பாட்டு, பாடியவர், ராகம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் எழுதுகிறேன்.

கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு யூடியூப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குருவிடம் போவதை விட்டுவிட்டு அல்ல. குரு சொல்லித் தந்த கீர்த்தனையை ஐந்து பேர் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று கேட்பதற்கு.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய திருவிழாக் கசற்றோ வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகளோ கிடந்தால் பூஞ்சணம் பிடிக்க முன்னர் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது கோயில், ஆண்டு, வாசித்தவர்கள் என்று தெரிந்ததை எல்லாம் கீழே எழுதுங்கள். நாதஸ்வரக்காரரின் பெயரோடு நிறுத்திவிடாமல் தவில் வாசித்தவர்களின் பெயரையும் போடுங்கள்.