பழைய ரைஃபிள் வாங்குகிறீர்களா? முதலில் குழலடி நட்டைப் பாருங்கள்

டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன அக்டோபரில் ஹூஸ்டனுக்கு வெளியே ஓர் அடகுக் கடையில் 290 டாலர் கொடுத்து ஒரு பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன்; குழலின் பின்வாயை மூடும் போல்ட் என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித்தான் அதில் தோட்டா ஏற்ற வேண்டும். .308 வின்செஸ்டர் தோட்டா போடுவது, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, மேலே குறிபார்க்கச் சாதாரண ஸ்கோப். "இரண்டு பெட்டித் தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டார்கள்" என்றார் கடைக்காரர். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. துப்பாக்கி வாங்குபவர்கள் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, கையில் கொடுத்துவிட்டார்கள்.

(எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரியான விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி குற்றம். கடைக்குப் போகும் முன்பே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கும். அதற்குள் ஸ்கோப்பைச் சரிசெய்துவிடலாம் என்று பையனையும் கூட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். நூறு கஜத்தில் மூன்று குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. குறி இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்பதாவதோ பத்தாவதோ சுட்டபோது, உஸ்ஸென்று காற்று கன்னத்தில் சூடாக அடித்தது.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, கீழே கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து அரை விரல் அகலம் மேலே, பித்தளையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, தோட்டாவுக்குள் விட்டு என் கையில் கொடுத்தார். சுவரோடு மேலே இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு நேராக உள்ளே ஒரு பள்ளத்தில் கம்பி சிக்கியது. கடைசித் தோட்டாவில் அந்தக் கோடு பாதிச் சுற்றுக்கு விரிந்தே இருந்தது. "இனி ஒன்றுகூடப் போடாதே" என்றார். என் பையன் வலது பக்கம் ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். விலை குறைந்த ரைஃபிள்கள் பலவற்றில் குழலை உடலோடு பிடித்து வைப்பது குழலடியில் உள்ள ஒரு நட்தான். சரியான அளவுகோல் (தோட்டா வடிவத்தில் இருக்கும் எஃகுக் கட்டை) இருந்தால் வீட்டிலேயே குழலை மாற்றலாம். அளவுகோல் இல்லாமலும் மாற்றுகிறார்கள், அதுதான் ஆபத்து. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் தோள் (கழுத்துக்குக் கீழே குறுகும் சரிவு) போய் முட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள அளவை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .308-க்கு அது 1.630 அங்குலத்தில் தொடங்குகிறது. 1.634 அளவுகோலைப் போட்டால் போல்ட் மூடக் கூடாது. அது மூடினாலும், 1.638-இல் கட்டாயம் மூடக் கூடாது. அவர் போல்ட்டிலிருந்த சுடும் ஊசியையும் அதன் சுருள்வில்லையும் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். 1.638-இலும் போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. உள்ளே இடம் கூடிவிட்டால் வெடிக்கும்போது பித்தளை நீண்டு, அடிப்பக்கம் அறுந்துவிடலாம். அப்புறம் அந்தச் சூடான வாயு சுடுபவரை நோக்கியும் பாயும்.

அவர் துணியில் கரைப்பான் நனைத்து நட்டைத் துடைத்தார். கறுப்பு மை கையோடு வந்தது, அடியில் பைப் ரெஞ்சின் பல் தடம் வரிசையாகத் தெரிந்தது. பூசியது கடையா, முன்பு வைத்திருந்தவரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பூசியவருக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கடைக்காரரிடம் உடைந்த தோட்டாவைக் காட்டினேன். ரசீதில் "இருக்கும் நிலையிலேயே விற்பனை" என்ற வரியின் மேல் விரலை வைத்தார், அவ்வளவுதான். பணம் போகட்டும். இரண்டு பெட்டிகூடச் சுடாத துப்பாக்கி என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழலைத் திரும்பப் பொருத்த 85 டாலர் ஆனது. சுடுவதற்கு முன்பே சோதித்திருந்தால் 30 டாலரோடு தெரிந்திருக்கும். வாங்கும் இடத்திலேயே நட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குழலும் நட்டும் ஒரே நிறமா, பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதித்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

ஹூஸ்டன் பக்கம் யாராவது சமீபத்தில் அடகுக் கடையில் இப்படி வாங்கியிருந்தால், முதல் தோட்டா போடும் முன் எனக்குச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பவரிடம் நானே கூட வருகிறேன்.