2019-ஆ, 2023-ஆ: எந்த மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை முதலில் பார்ப்பது?

சேலம் காந்தி மைதானத்தில் கால்பந்து பழகும் பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்பது இது.

அளவு: 2019, பிரான்ஸ்: 24 அணிகள், 52 ஆட்டங்கள்.
2023, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து: 32 அணிகள், 64 ஆட்டங்கள்.

நேரம்: 2019 அரையிறுதிகள் நமக்கு நள்ளிரவு 12.30.
2023 இறுதி ஞாயிறு மதியம் 3.30; சாப்பாடு முடித்து வீடே கூடிப் பார்த்தோம்.

ஆட்டம்: 2019-இல் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என நொறுக்கியது. எனக்கு மனசு கனத்தது.
2023-இல், முதல்முறை வந்த மொராக்கோ ஜெர்மனியிடம் 6-0 தோற்றது. பிறகு இரண்டு ஆட்டங்களையும் வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ஜெர்மனி ஊர் திரும்பியது! தோற்று அழும் பிள்ளைக்கு இதைத்தான் காட்டுவேன்.

கோல் அடிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு 2019, அமெரிக்க வீராங்கனை ரபினோவுக்காக. பாஸ் பழகும் பிள்ளைக்கு 2023-இன் ஸ்பெயின்.