இரவு முழுக்க ஓடும் கொம்பியூட்டரும் படுக்கையறையும்: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு அனுபவம்

கொம்பியூட்டர் ஓடுகிற அறையிலேயே படுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஏசி வாங்க முன்னம், ஃபேன் மாற்ற முன்னம், அந்தப் பெட்டி சுவர் பிளக்கில் இருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். பிளக்குக்கும் வயருக்கும் இடையில் செருகுகிற சின்ன வாட் மீற்றர் கடைகளில் கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. அந்த எண்தான் உங்கள் அறைக்குள் இரவு முழுக்க எரிகிற அடுப்பின் அளவு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என்னுடைய வேலை, வெளிநாட்டில் இருந்து ஊரில் வீடு கட்டுகிற ஆக்களுக்கு, கட்ட முன்பே வீடு எப்படி இருக்கும் என்று முப்பரிமாணப் படமும் வீடியோவும் செய்து கொடுப்பது. பகலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை, இரவில் ரெண்டர், அதாவது பகலில் அமைத்ததைக் கொம்பியூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்கிட்டு வரைவது. ஒரு நிமிட வீடியோ என்றாலும் ஆயிரத்துக்கு மேல் படங்கள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம், ஆகவே பல இரவுகள் விடியும்வரை ஓடத்தான் வேண்டும். 2021இல் வாங்கிய மெஷின், ரைசன் 7 5800எக்ஸ் புரொசெசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, அதே பெட்டிதான் இன்றைக்கும். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே பிளாற் (தட்டையான கொங்கிறீட் கூரை), மேற்குச் சுவரில் பின்னேர வெயில் நேராக அடிக்கும்.

வாட் மீற்றரில் ரெண்டர் ஓடும்போது 350 வாட் வரை காட்டியது. இதில் பலர் குழம்புவது, "நல்ல கூலர் போட்டிருக்கிறேன், லிக்விட் கூலிங் போட்டிருக்கிறேன், சூடு வராது" என்பதில். அந்தக் கூலர் சிப்பைக் குளிர வைக்கும், அறையை அல்ல. சிப்பில் இருந்து எடுத்த சூட்டை எங்கே கொண்டுபோய் விடுகிறது? உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். உள்ளே போகிற 350 வாட் கரண்டும் கடைசியில் 350 வாட் சூடாகத்தான் வெளியே வரும், வேறு வழியே கிடையாது. படுத்துக் கிடக்கிற ஒரு ஆளின் உடம்பு விடுகிற சூடு ஏறத்தாழ 75 வாட். அப்படிப் பார்த்தால் அந்தச் சின்ன அறைக்குள் இன்னும் நாலைந்து பேர் பாய் விரித்துப் படுத்திருப்பதற்குச் சமம். அறைக் காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், கதவு ஜன்னல் பூட்டியிருந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். சுவரும் நிலமும் கட்டிலும் அதில் பெரும் பங்கை இழுத்துக்கொள்வதால்தான் நாங்கள் தப்புகிறோம், ஆனால் அவை இழுத்துக்கொண்ட சூட்டைத் திருப்பி விடவும் செய்யும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலம். கொம்பியூட்டர் ஓடவில்லை, ஃபேனும் இல்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்திருப்போம். பத்து மணிக்கும் அறை கொதிக்கும், கட்டிலில் ஏறி நின்று பிளாற்றின் அடியைப் புறங்கையால் தொட்டால் சட்டெனக் கையை எடுக்க வேண்டிவரும். ஆனால் நடுச்சாமம் தாண்ட மெல்ல மெல்ல ஆறும், விடியப்புறம் போர்வை தேடலாம். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கி ரெண்டரும் தொடங்கிய பிறகு பார்த்தால், முன்னிரவு அதே சூடு, ஆனால் பின்னிரவில் ஆறவே இல்லை. சின்ன வெப்பமானி இரண்டு வாங்கி உள்ளே ஒன்றும் வெளி விறாந்தையில் ஒன்றுமாக வைத்தேன். சித்திரையில் விடியப்புறம் மூன்று மணிக்கு வெளியே 28, உள்ளே 32 அல்லது 33. முன்னிரவுச் சூடு பிளாற்றுடையது, பின்னிரவுச் சூடு பெட்டியுடையது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பிளாற்றின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5 தொடங்கி 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வரும், தெற்கில் தொடங்கி எங்கள் பக்கம் வரக் கடைசி நாட்களாகிவிடும். அந்த நேரம் கொங்கிறீட் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு பத்து பதினொன்று வரை கீழே இறக்கும். முதலில் கிடுகு பரப்பிப் பார்த்தோம், நல்ல குணம் தெரிந்தது, ஆனால் சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்க அது கிளம்பி அடுத்த வளவுக்குள் போய் விழுந்தது. பிறகு வெள்ளைப் பூச்சு அடித்தோம். அதே பத்து மணிக்கு அதே புறங்கையால் தொட்டால் இப்போது வெதுவெதுப்புத்தான். செலவுக்குக் கிடைத்த பலனில் இதைவிடப் பெரியது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லுவேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். நான் செய்ததில் ஒரு சதமும் செலவில்லாதது வாட்டைக் குறைத்ததுதான், அதைத்தான் எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள் அல்லது செய்வதே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் முழு அளவு 170 வாட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு கோடு இருக்கிறது, அதை 70 வீதத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 120 வாட்டில் நிற்கும். வேகம் 30 வீதம் குறையும் என்று பயப்பட வேண்டாம். இந்தக் கார்டுகள் கடைசி ஐந்து பத்து வீத வேகத்துக்காகத்தான் கண்டபடி கரண்ட் குடிக்கின்றன, என் கையில் நாலு நிமிடப் படம் நாலரை நிமிடம் ஆனது, அவ்வளவுதான். அதேபோல 5800எக்ஸ் முழு மூச்சில் 142 வாட் வரை போகும், பயோஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ஈகோ மோட் 65 வாட் என்று போட்டால், பெயர்தான் 65, உண்மையில் 88இல் கட்டுப்படும். இரண்டையும் செய்த பிறகு வாட் மீற்றர் 240இல் நின்றது. 110 வாட் சூடு அறைக்குள் வராமலே போய்விட்டது.

இதில் இன்னொன்று, ரெண்டர் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டால் பெட்டி விடியும்வரை சும்மா நின்று அறுபது எழுபது வாட் இழுத்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் தானாக அணையும்படி ரெண்டர் கட்டளைக்குக் கீழே ஷட்டவுன் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டேன். மொனிற்றரையும் கையால் அணைத்துவிடுங்கள், வெறும் கறுப்புத் திரை காட்டிக்கொண்டு நிற்பதும் அணைந்து நிற்பதும் ஒன்றல்ல.

கரண்ட் பில்லையும் பாருங்கள். 350 வாட் எட்டு மணித்தியாலம் ஓடினால் ஒரு இரவுக்கு 2.8 யூனிற், மாதம் 84. 240 வாட் என்றால் மாதம் 58. இங்கே வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிற்றைத் தாண்டினால் தாண்டிய பகுதி முழுக்க உச்ச விலை. அம்மாவின் ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டார், அயன் எல்லாம் சேர்ந்து விளிம்பில் நிற்கிற வீட்டில் அந்த 26 யூனிற் சின்னக் காரியம் இல்லை.

அடுத்தது காற்று. சீலிங் ஃபேன் அறையைக் குளிர வைக்காது, உடம்பு வியர்வையைக் காய வைப்பதால்தான் எங்களுக்குக் குளிர்மை. உள்ளே 33 பாகையில் கிடக்கிற காற்றையே அது திரும்பத் திரும்பச் சுற்றும். வெளியே ஆறிக் கிடக்கிற காற்று உள்ளே வர வேண்டும், அதற்கு உள்ளே இருப்பது வெளியே போக வேண்டும். ஆகவே ஸ்ராண்ட் ஃபேனைக் கட்டிலுக்குத் திருப்பாமல் ஜன்னலுக்குத் திருப்பினேன். பெட்டிக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து ஓரடி தள்ளி, முகம் வெளியே பார்க்க. எதிர்ப்பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அம்மா முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மனிசருக்கு இல்லாத காத்தை மதிலுக்கு விடுறாய்?" என்று கேட்டவ. கொஞ்ச நேரம் கதவடியில் நின்றவ, கதவால் வந்த காற்று காலில் பட்ட பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு வேண்டுமென்றால், 350 வாட் சூடு அறையை வெளியைவிட இரண்டு பாகைக்கு மேல் ஏற்றாமல் இருக்க மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 500 கன மீற்றர் காற்று மாற வேண்டும். 240 வாட்டுக்கு 350 போதும். எக்ஸோஸ்ட் ஃபேன் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து வாங்கலாம், ஆனால் ஜன்னலில் நுளம்பு வலை அடித்திருந்தால் அந்த எண் நன்றாகக் குறையும். வலையைக் கழற்றச் சொல்லமாட்டேன், மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிப் பரவும் என்று எல்லோருக்கும் தெரியும். வலையை வைத்துக்கொண்டு ஒரு அளவு பெரிய ஃபேன் எடுங்கள். முக்கியமாக, வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். என் அறைக்கு அது சித்திரையில் ஒன்பதரை பத்து மணி.

தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். வறண்ட காற்றில்தான் அது வேலை செய்யும். என் மீற்றரில் இங்கே இரவு ஈரப்பதன் 80 வீதத்துக்குக் கீழே வருவது அபூர்வம், அதற்குள் இன்னும் ஈரத்தைத் தள்ளினால் வியர்வை காயாமல் உடம்பு பிசுபிசுக்கும். ஒரு நண்பரின் கூலரைச் சில இரவுகள் வைத்துப் பார்த்தோம், புத்தகத் தாள்கள் நெளிந்ததுதான் மிச்சம்.

ஏசி வேறு விஷயம், அது ஈரத்தையும் எடுக்கும், சித்திரை வைகாசியில் அதன் சுகத்தை மறுக்க முடியாது. ஆனால் கொம்பியூட்டரையும் உள்ளே வைத்து ஏசி போடுவது ஒரே சூட்டுக்கு இரண்டு தரம் காசு கட்டுவது. 9000 பிரியூ (BTU) ஏசி முழு மூச்சில் 2.6 கிலோவாட் சூட்டை எடுக்கும், அதில் 350 வாட், அதாவது எட்டில் ஒரு பங்குக்கு மேல், பெட்டியே தின்றுவிடும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு இன்னும் நூறு வாட் அளவில் கரண்ட் வேண்டும்.

கடைசியில் எனக்கு நிரந்தரமாகத் தீர்வு தந்தது, பெட்டியை அறையை விட்டே வெளியேற்றியது. என் அறைக்குப் பின்சுவரோடு ஒட்டின மாதிரி ஸ்ரோர் றூம். மேசனைப் பிடித்து மேசை உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு, இரண்டு அங்குல பிவிசி குழாய் வைத்துப் பூசினோம். ஓரங்குலம் போதும் என்று அவர் சொன்னார், நான் எச்டிஎம்ஐ தலையை எடுத்துக் காட்டினேன், ஒன்று போனால் மற்றது போகாது. துளை ஸ்ரோர் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கட்டும், வயர் மடியாமல் இறங்கும். ஐந்து மீற்றர் எச்டிஎம்ஐ ஒன்று, யூஎஸ்பிக்கு அக்ரிவ் எக்ஸ்ரென்ஷன் வயர் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்புவது) ஒன்று. சாதாரண யூஎஸ்பி 2 வயர் ஐந்து மீற்றருக்கு மேல் நம்பிக்கை இல்லை, வெப்காம் அடிக்கடி விட்டுவிட்டுப் போகும். அறைப் பக்கம் ஹப் ஒன்று, கீபோர்ட், மவுஸ், பென்ரைவ் எல்லாம் அதில். வயர் போன பிறகு மிச்ச இடைவெளியைப் பழைய துணியால் அடைத்துவிட்டேன், இல்லாவிட்டால் சூடும் பல்லியும் அந்த வழியாக வரும்.

அன்றிலிருந்து விடியப்புறம் உள்ளே வெளியே வித்தியாசம் ஒரு பாகைதான். சத்தமும் இல்லை. இத்தனை காலம் அந்த ஃபேன் சத்தத்தோடு படுத்திருக்கிறோம் என்பது அது நின்ற பிறகுதான் காதுக்குத் தெரிந்தது. ஸ்ரோர் இல்லாதவர்கள் மூடின விறாந்தையைப் பார்க்கலாம், திறந்த விறாந்தையில் வைக்க வேண்டாம், வாடைக் காலத்து மழைச் சாரலும் சோளகத்தின் புழுதியும் சேர்ந்து போர்டைக் கெடுத்துவிடும்.

புழுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செம்மண். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் அடிக்கிற காலத்தில் பெட்டியின் முன் ஃபில்ரர் இரண்டு கிழமைக்குள் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கழற்றி முற்றத்தில் தட்டி, கழுவி, நிழலில் காய வைத்துப் போடுவேன். ஃபில்ரர் அடைத்தால் அறைக்கு வருகிற சூடு கூடாது, ஆனால் கார்டு வெந்து வேகம் குறையும், ரெண்டர் விடியும்வரை இழுபடும். எறும்பும் ஒரு தொல்லைதான், சூடான இடம் தேடி வரும். ஸ்ரோரில் பெட்டியை நிலத்தில் வைக்காமல் கால் உயர்ந்த ஸ்ரூலில் வைத்திருக்கிறேன்.

நீண்ட காலப் பாவனையில் ஒரு இழப்பும் இருந்தது, யூபிஎஸ் பற்றரி. ஸ்ரோரில் பெட்டிக்குப் பக்கத்தில் மேல் தட்டில் அதையும் வைத்திருந்தோம். ஈய அமில பற்றரிக்குச் சூடு ஆகாது, பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஊதிப்போனது. இப்போது யூபிஎஸ் என் அறைக்குள், கட்டிலுக்குக் கீழே அல்ல, கதவுப் பக்கம் சீமெந்து நிலத்தில். அது இழுக்கிற சில வாட் ஒன்றும் செய்யாது. ஸ்ரோரில் வெங்காயப் பிடிகள் தொங்குவதால் அம்மாவுக்கு முதலில் கவலை இருந்தது, அவற்றை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றி, ஸ்ரோர் ஜன்னலின் மேல் கண்ணாடி இரண்டைக் கழற்றி வலை அடித்தோம். காற்று ஓடுகிறது, வெங்காயம் காய்ந்து நன்றாகவே நிற்கிறது.

கார்த்திகை தொடங்கித் தை வரை எதுவும் தேவைப்படுவதில்லை, வாடைக் காற்றே போதும், சில இரவுகளில் ஜன்னலைப் பாதி சாத்துகிறோம். ஆனால் அந்த மாரி மழைதான் பிளாற்றின் வெள்ளையைப் பாசி பிடித்துக் கறுக்க வைக்கிறது. கறுத்த வெள்ளை சூட்டைத் திருப்பாது. இந்த முறை மாசியிலேயே உரஞ்சிக் கழுவி, பங்குனி முடிய முன் இரண்டாவது பூச்சையும் அடித்துவிடுவோம்.