மிச்சிகன் மைதானத்தின் சீசன் டிக்கெட்: 2023 ஆட்டங்களை முன்வைத்து ஒரு மதிப்புரை

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 2023 சீசனில் 15 ஆட்டங்கள் ஆடி, பதினைந்திலும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. ஆனால், சொந்த ஊரான ஆன் ஆர்பரில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டுமான சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அவற்றில் வாய்த்தவை 7 மட்டுமே. அந்த ஏழிலும் கடைசி வரை முடிவு தெரியாமல் உட்கார வைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக மற்ற ஆறையும் சேர்த்து வாங்கலாமா என்றால், வாங்கலாம் என்பதே என் முடிவு. எந்த ஆண்டில், எந்த இருக்கையில் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே.

முதலில் மைதானத்தைப் பற்றி. 1927இல் திறக்கப்பட்ட இதன் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601. தரையைத் தோண்டி இறக்கிய கிண்ண வடிவக் கட்டுமானம் என்பதால், வெளியிலிருந்து பார்க்கும்போது இத்தனை பேர் உள்ளே அடங்குவார்கள் என்று நம்ப முடியாது. வாசலைத் தாண்டியதும் பெரும்பாலான வரிசைகள் காலுக்குக் கீழே இறங்கிச் செல்லும். பார்வையை மறைக்கும் தூண் எதுவும் இல்லை. இருக்கை என்று சொல்லப்படுவதோ, பெரும்பாலான பகுதிகளில் முதுகு சாய வழியில்லாத நீளமான பெஞ்சில் எண்ணிட்டு ஒதுக்கிய ஓர் இடம். செப்டம்பரில் அரைக்கைச் சட்டையோடு சௌகரியமாக அமர்ந்த அதே வரிசையில், நவம்பரில் எல்லோரும் தடித்த கோட்டு அணிந்து வந்ததும் ஆளுக்கு அரை இடம்தான் தேறும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான். பை எதையும் உள்ளே கொண்டுசெல்ல முடியாது. கையடக்கமான பணப்பைக்கு மட்டுமே அனுமதி. டிக்கெட் கைப்பேசியில்தான் இருக்கும் என்பதால், வாசலுக்கு வருமுன் அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த சீசனுக்கெனப் புதிதாக நிறுவிய பெரிய திரைகள் மறு ஒளிபரப்பைத் தெளிவாகக் காட்டின. மது விற்பனை அந்த ஆண்டு இல்லை. அது 2024இல்தான் வந்தது. குடும்பத்தோடு வருபவன் என்ற முறையில் எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆட்டங்களின் தரத்துக்கு வந்தால், தொடக்கத்தில் வந்த மூன்று அணிகளான ஈஸ்ட் கரோலினா, நெவாடா லாஸ் வேகஸ், பௌலிங் கிரீன் ஆகியவை மிச்சிகனுக்கு ஈடானவை அல்ல. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல் நடந்ததாக எழுந்த புகாரின் பேரில் பல்கலைக்கழகமே விதித்த தடையால் அந்த மூன்றிலும் களத்தில் இல்லை. அவர் இல்லாதது ஸ்கோரில் தெரியவும் இல்லை. அதன்பின் வந்த ரட்கர்ஸ், இண்டியானா, பர்டூ அணிகளையும் சேர்த்து, இந்த ஆறு ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்தவை மொத்தம் 43 புள்ளிகள். இண்டியானா முதலில் 7 புள்ளி எடுத்து ஒரு சலசலப்பை உண்டாக்கியது. பிறகு மிச்சிகன் வரிசையாக 52 எடுத்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்திலேயே கூட்டம் கார் நிறுத்துமிடத்தை நோக்கிக் கிளம்பிவிடும் ஆட்டங்களுக்கு முழு விலை கொடுப்பது யாருக்கும் உறுத்தும். போதாததற்கு, பல பகுதிகளில் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடை என்ற பெயரில் தனித்தொகை ஒன்றும் உண்டு.

இந்த ஒருதலைப்பட்சமான ஆட்டங்களிலும் எனக்கு அலுப்புத் தட்டாததற்குக் காரணம், இருக்கை இருந்த இடம். பலரும் இளக்காரமாகப் பார்க்கும் எண்ட் சோனுக்கு (பந்தோடு நுழைந்தால் புள்ளி கிடைக்கும் களமுனைப் பகுதி) பின்னால், மேல் வரிசைகளில் அது இருந்தது. தொலைக்காட்சி ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டுகிறது. அதில் பந்துதான் தெரியும், பந்துக்கு வழி திறப்பவர்கள் தெரிவதில்லை. பின்னாலிருந்து பார்த்தால், அப்படி வழி திறக்கும் தாக்குதல் வரிசையின் ஐவரும் ஒரே அடியில் ஒரே பக்கம் நகர்வதும், அவர்களில் கார்டு எனப்படுபவர்களில் ஒருவர் வரிசையிலிருந்து விலகிச் சுற்றி ஓடி எதிர்ப்பக்கத் தடுப்பாளரை மோதித் தள்ளுவதும், அந்த இடைவெளி திறக்கும்வரை பந்தை ஏந்தி ஓடும் பிளேக் கோரம் அரை நொடி தயங்கிப் பின் பாய்வதும் அப்படியே தெரியும். கோரம் அந்த சீசனில் ஓட்டத்தில் மட்டும் 27 டச் டவுன் (பந்தை எண்ட் சோனுக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். அவற்றில் எத்தனை அவருடைய கால்களால் வந்தவை, எத்தனை அந்த ஐவரின் தோள்களால் வந்தவை என்பதை இந்த இருக்கையிலிருந்துதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

நவம்பர் 25 அன்று ஒஹாயோ ஸ்டேட் வந்தது. இரு அணிகளும் 11 ஆட்டங்களில் தோல்வியே காணாதவை. எதிரணிகளின் சைகைகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டிய விவகாரத்தில் மிச்சிகன் ஆடும் அணிகளின் கூட்டமைப்பான பிக் டென் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்திருந்ததால், உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் அணியை நடத்தினார். அதிகாரபூர்வக் கொள்ளளவையும் தாண்டி 1,10,000 பேருக்கு மேல் கூடிய அந்தப் பகலில், மூன்றாம் கால்பகுதியில், வலப்பக்க கார்டு சாக் ஜின்டர் கால் முறிந்து கீழே கிடந்தார். வண்டியில் ஏற்றி அவரைக் கொண்டுசெல்லும் வரை மைதானம் அடங்கிப்போயிருந்தது. கார்சன் பார்ன்ஹார்ட் உள்பக்கம் நகர்ந்து ஜின்டரின் இடத்தை எடுத்துக்கொள்ள, ட்ரெண்டி ஜோன்ஸ் வெளிப்பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த பந்திலேயே கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன் போட்டு, விரல்களால் ஆறும் ஐந்தும் காட்டினார். ஜின்டரின் சட்டை எண் 65. ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் மிச்சிகன் தடுப்பாட்டக்காரர் ராட் மூர், எதிரணி எறிந்த பந்தை இடைமறிக்க, 30-24 என்று முடிந்தது. முன்னணி வீரர் ஒருவரை இழந்த வரிசை அடுத்த நொடியே குலையாமல் அதே வேலையைச் செய்வதை மேலிருந்து முழுதாகப் பார்த்ததுதான், என்னளவில், அந்த டிக்கெட் கொடுத்த பெறுமதி.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பந்தை எறியாமல் வரிசையாக 32 முறை ஓட்டத்தையே ஆடி வென்ற பென் ஸ்டேட் ஆட்டம், அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வீழ்த்திய அரையிறுதியான ரோஸ் போல், ஹியூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்ற இறுதி ஆட்டம் ஆகிய எவையும் இந்த டிக்கெட்டில் அடங்கவில்லை. அவற்றை நான் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 60 நிமிட ஆட்டம் விளம்பர இடைவேளைகளோடு மூன்றரை மணி நேரத்தை எட்டிவிடுவதும் நேரில் பார்ப்பவரைச் சோதிக்கும். முதல் டவுனுக்கு (10 யார்டு முன்னேறிப் புதிதாக வாய்ப்புகள் பெறுவது) கடிகாரத்தை நிறுத்தும் வழக்கத்தை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் நீங்கலாக, 2023இல் கைவிட்டார்கள். பெஞ்சில் அமர்ந்திருப்பவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஆண்டையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் ஒஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வரும்; இரட்டைப்படை ஆண்டுகளில் மிச்சிகன் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போய்விடும். அத்தகைய ஆண்டில் வேறு பெரிய அணி ஏதேனும் வருகிறதா என்று அட்டவணையைப் பார்க்காமல் முழுத் தொகையையும் கட்ட வேண்டாம். 2024இல் டெக்சஸ், ஓரிகன் இரண்டும் வந்தன. அப்படி ஒன்றும் இல்லாத ஆண்டென்றால், பிடித்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் எண்ட் சோன் பக்கம் மேல் வரிசையில் ஒற்றை டிக்கெட் எடுத்துக்கொள்வதே போதும்.