மெடிகேர் மருந்துக் காப்பீடு: தனித் திட்டமா, அட்வான்டேஜா?

அமெரிக்காவில் 65 வயதை எட்டியவர் மருந்துச் செலவுக்கான காப்பீட்டை இரண்டு வழிகளில் பெறலாம். மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின், அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் இருந்துகொண்டு, தனியார் நிறுவனத்தின் பார்ட் டி மருந்துத் திட்டத்தைத் தனியே வாங்குவது ஒன்று. மருத்துவமனை, மருத்துவர், மருந்து மூன்றையும் ஒரே தனியார் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வது மற்றொன்று.

விளம்பரங்கள் முன்னிறுத்துவது மாதப் பிரீமியத்தை. அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில், பெரும்பாலோர் கட்டும் பார்ட் பி (மருத்துவர் செலவுக்கான மெடிகேர் பகுதி) பிரீமியத்துக்கு மேல் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. என் மாமியாருக்கு 2026-ஆம் ஆண்டுக்கான திட்டத்தைத் தேடியபோது எங்களையும் முதலில் ஈர்த்தது அதுதான். சாப்பாட்டு மேசையில் அவருடைய ஆறு மருந்துப் புட்டிகளையும் பரப்பி, பெயரையும் மில்லிகிராம் அளவையும் மெடிகேர் இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து பார்த்தோம். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் எலிக்விஸ், கூடுதல் பிரீமியமில்லாத ஓர் அட்வான்டேஜ் திட்டத்தில், மருந்துகளைக் கட்டணத்துக்கேற்பப் பிரிக்கும் அடுக்குகளில் மூன்றாவதில் இருந்தது. அந்த அடுக்குக்கு, காப்பீடு தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 615 டாலர். அரசு பேரம் பேசிக் குறைத்த பிறகும் எலிக்விஸின் ஒரு மாத விலை 231 டாலர் என்பதால், முதல் இரண்டு மாதங்களுக்கு முழு விலையும் மூன்றாம் மாதத்தில் பெரும்பகுதியும் அவர் கையிலிருந்தே போகும். மாதம் இருபது டாலர் கேட்ட தனித் திட்டமோ டிடக்டிபிள் இல்லாதது. ஆகவே மருந்துக் கணக்கில் மலிவாக வந்தது அதுவே.

2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2026-இல் யாரும் மருந்துக்காக ஆண்டுக்கு 2,100 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. இன்சுலினுக்கு மாதம் 35 டாலர்தான் உச்சம். இவை இருவகைத் திட்டங்களுக்கும் பொருந்தும். ஆனால் பிரீமியமும், திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுக்கும் பணமும் அந்த 2,100-இல் சேராது.

மருந்தைத் தாண்டிப் பார்த்தால் கணக்கு மாறும். ஒரிஜினல் மெடிகேரில் மருத்துவச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. அதை ஈடுகட்டும் மெடிகேப் பாலிசிக்குத் தனிப் பிரீமியம் உண்டு. அட்வான்டேஜில் உச்சவரம்பு உண்டு. ஆனால் நெட்வொர்க்கில் உள்ள மருத்துவர்களுக்குள் பெரும்பாலும் அடங்க வேண்டியிருக்கும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் வேண்டும். என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது அட்வான்டேஜிலிருந்து ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பி வரும் வழி. 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் கேட்டால் மெடிகேப் நிறுவனம் மறுக்க முடியாது. அட்வான்டேஜில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு நோய்வாய்ப்பட்ட பின் கேட்டால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக, உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். மருந்துத் திட்டத்தை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். ஒரிஜினலும் மெடிகேப்புமா, அட்வான்டேஜா என்ற முடிவை அப்படி எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. இதனாலேயே மாமியாருக்குத் தனித் திட்டத்தையும் மெடிகேப்பையும் தேர்ந்தெடுத்தோம்.

மருந்தே சாப்பிடாதவர்களும் பார்ட் டியைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கு ஈடான வேறு காப்பீடு இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும், தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு விழுக்காடு அபராதமாகக் கணக்கிடப்பட்டு, பார்ட் டி இருக்கும் காலமெல்லாம் பிரீமியத்தோடு சேர்ந்து வரும். குளிர்காலத்தைச் சென்னையில் கழிக்கும் பெற்றோருக்கு இன்னொன்று: அங்கே கடையில் வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி பணம் தராது. ஆகவே 90 நாள் மருந்தை ஒரே தடவையில் தரும் திட்டமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.